தாடைக்காரரின் கார்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

தகரம் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். விரல்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன, பட்டறையில் அதுவே பெரிய விஷயம். நீயும் அண்ணியும் அம்மாவும் சுகந்தானே? போன் பண்ணினால் அம்மா எப்போதும் குளித்துக்கொண்டே இருக்கிறாள். இவ்வளவு சுத்தமான அம்மா வேறு யாருக்கு வாய்ப்பாள்? அதனால்தான் கடிதம்.

பயிற்சியில் என்னைத் தகடு தட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பந்தயக் கார்களின் உடம்பைச் சீராக்குகிற இடம். ஒரு நாள் வரவில்லை என்றாலும் அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவேன் என்று ஃபோர்மன் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் ஏன் வராமல் இருக்கப்போகிறேன்?

இந்த வாரம் ஒரு ஃபாஸ்ட்பேக் வந்தது. பல்செட் செய்கிறவனுக்கு இது புரியுமோ என்னவோ, சொல்கிறேன். அம்மாவின் கார் கூப்பே. நிரந்தர இரும்புக் கூரை, இரண்டு கதவு. கூரை பின் கண்ணாடி வழியாக இறங்கி டிக்கியின் மேல் ஒரு படி போல நின்றுவிடும். ஃபாஸ்ட்பேக்கில் அந்தப் படி கிடையாது. முன் கண்ணாடிக்கு மேலே புறப்படுகிற வளைவு வால் விளக்குவரை நிற்பதே இல்லை. பாலிஷ் போடத் துணியை வைத்தவள், கையை எங்கே எடுப்பது என்று தெரியாமல் வால்வரை போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து, தேவையே இல்லாமல் இன்னொரு முறை போனேன்.

ஆனாலும் அம்மா காரின் கூரைக்கு ஈடாக இங்கே ஒன்றுகூட இல்லை. அதைத் துடைத்துத் துடைத்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி உடைந்தபோது சமையலறைக் கரண்டியின் காம்பை அறுத்து மாட்டினேனே, அது இன்னும் இருக்கிறதா? ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அம்மா, அந்தக் கரண்டியை மட்டும் மாற்றவே விடவில்லை. கற்றுக்கொடுத்தும் தேறாத ஒரே ஆள் நீ என்பதையும் இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல், குளித்து முடித்திருந்தால்.

அன்புத் தங்கை,
தகரம்

*

பிப்ரவரி 3

அன்புள்ள தகரத்துக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான் சுகம், அண்ணி சுகம், அம்மா ரொம்ப ரொம்ப சுகம். என் வேலை எப்போதும்போல வாயும் வயிறுமாகப் போகிறது. அடுத்தவர் வாய், என் வயிறு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னிடம் பல்செட் கட்டிக்கொண்ட ஒருவர் இருக்கிறார். நல்ல அகலமான தாடை, அதைவிடப் பெரிய பிடிவாதம். அண்ணி அவருக்குத் தாடைக்காரர் என்று பேர் வைத்திருக்கிறாள். கொஞ்ச காலம் முன்பு மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டார். முதுகில் கம்பி வைத்துத் திருகியிருக்கிறார்கள். இப்போது நிமிர்ந்து உட்கார முடியும். குனிய முடியாது, இடுப்பைத் திருப்பவும் முடியாது.

அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. தரையோடு தரையாகக் கிடக்கிற வகை. அதற்குள் போக வேண்டுமென்றால் தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, உடம்பைத் திருகிக்கொண்டு போக வேண்டும். மூன்றுமே அவரால் ஆகாது. ஆனால் ஒருமுறையாவது அந்தக் காரில் போய்வர வேண்டும் என்கிறார். வேறு காரில் அழைத்துப் போகிறோம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவரால் திருப்ப முடிவது அது ஒன்றுதான். சாப்பாடு குறைந்துவிட்டது. நாளெல்லாம் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பழக்கப்பட்ட மனிதர், வேறொன்றும் இல்லை.

கூரையில் எத்தனை வகை உண்டு? எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது? எனக்குக் கார் என்றால் நாலு சக்கரம், ஒரு ஹாரன். புரிகிற மாதிரி எழுது.

அம்மா உன்னை வேலையைப் பார்க்கச் சொன்னாள்.

அன்பு அண்ணன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். தாடைக்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நல்ல ஆளிடம் கேட்டாய், இனி என்னை நிறுத்த முடியாது. ரோட்ஸ்டர் என்று ஒன்று உண்டு. பிறக்கும்போதே கூரை இல்லாமல் பிறந்தது. மழை வந்தால் இறங்கி, கம்பி நட்டு, கேன்வாஸை இழுத்துப் பட்டன் போட வேண்டும். போட்டு முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். கதவில் கண்ணாடிகூடக் கிடையாது. இங்கே ஒன்றை ஓட்டி வந்து விட்டவர் தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே இறங்கினார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

கன்வர்டிபிளும் துணிக்கூரைதான், ஆனால் அது பெரிய வீட்டுப் பிள்ளை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கூரை, ஏற்றி இறக்கக் கண்ணாடி, மடித்தால் பின் சீட்டுக்குப் பின்னால் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஹார்ட்டாப்பில் கெட்டியான தனிக் கூரை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம். சிலதில் தலைக்கு மேலுள்ள நடுத்துண்டு மட்டும் கழன்று வரும், டார்கா என்பார்கள். பின்னால் ஒரு அகலமான வளைவு மட்டும் நிற்கும். கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பது அதுதான். சன்ரூஃபைக் கணக்கில் சேர்க்காதே. அது ஜன்னல். தலையை நீட்டலாம், ஆளை இறக்க முடியாது.

போன மாதம் ஒன்று வந்தது, அதன் கதவுகள் கூரையோடு சேர்ந்து மேல்நோக்கித் திறந்தன. திறந்ததும் எதற்கும் அசையாத ஃபோர்மன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்து போகிற ஒரு பெட்டிக்கு இத்தனை விதமாக மூடி போட யோசித்திருக்கிறார்களே அண்ணா, மனிதர்களை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

தாடைக்காரரின் கார் இதில் எது? விவரமாக எழுது. அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டாம்.

அம்மா காரை வெளியே எடுக்கிறாளா? அதை நீ எழுதவே இல்லை.

தகரம்

*

மார்ச் 9

அன்புள்ள தகரத்துக்கு,

எல்லாரும் சுகம். அம்மா வகுப்பு எடுக்கப் போயிருக்கிறாள், அதனால் இந்தக் கடிதத்தில் அவள் இரண்டு வரி எழுதவில்லை.

தாடைக்காரரிடம் உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். நனைந்துகொண்டு இறங்கியவர் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு தன் காரின் அடையாளத்தை அவரே வரிசையாகச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன். இரண்டு கதவு. கூரை நிரந்தரம், கழலாது. நிறம் சாம்பல். அடியில் தனிச் சட்டம் கிடையாது. ஒரு கதவில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பதிலாகக் கரண்டிக் காம்பு.

அப்படியென்றால் கூப்பே, இல்லையா? நானே கண்டுபிடித்தேன்.

எங்கள் திட்டம் இதுதான். அவர் வீட்டில் ஒரு தூக்கி இருக்கிறது. துணித் தொட்டிலில் உட்காரவைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் இறக்கும். அதேபோல மேலிருந்து நேராகக் காருக்குள் இறக்கினால் முதுகு வளைய வேண்டியதில்லை. டாக்டரும் சரி என்றுவிட்டார். குறுக்கே நிற்பது கூரை ஒன்றுதான். தெருமுனையில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற கிரில்காரர் அறுத்துத் தருகிறேன் என்கிறார். டப்பாவின் மூடியை எடுப்பது போலத்தானே? சீக்கிரம் பதில் போடு. மனிதர் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வருகிறார்.

அன்பு அண்ணன்

*

ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலையும் ஒழுங்காகப் போகிறேன்.

தாடைக்காரர் எப்படி இருக்கிறார்? தூக்கம் வருகிறதா? வலி எந்த நேரத்தில் அதிகம்? முதுகுக்குப் பின்னால் தலையணை வைக்கிறீர்களா? எப்போது விழுந்தார் என்று நீ எழுதவே இல்லை. நான் இங்கே கிளம்பி வருவதற்கு முன்பா, பிறகா? அதை மட்டுமாவது எழுது.

கூரையை அறுக்கலாம். இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. அந்த மாதிரிக் கூரைமேல் நான் கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன், வெயிலில் சூடாக இருக்கும். அறுக்கச் சொல்கிற முதல் ஆள் நானாக இருப்பேன் என்று நினைக்கவில்லை. இருக்கட்டும். கூரை யாருக்காகவோ செய்ததுதானே.

ஆனால் அது மூடி இல்லை, கவனமாகப் படி. அடியில் தனிச் சட்டம் இல்லாத காரில் கூரையும் சேர்ந்துதான் எலும்பு. முன்பாதியையும் பின்பாதியையும் அதுதான் இழுத்துப் பிடித்திருக்கிறது. அறுப்பதற்கு முன்னால் காரின் நடுவயிற்றுக்கு அடியில் முட்டுக் கொடு. கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்யச் சொல். அதற்குப் பிறகுதான் ரம்பம். படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

கூடவே ஒரு பார்சல் வரும். தலைக்குக் கட்டுகிற பட்டுத்துணி, பூப்போட்டது. கூரை போனால் காற்று முகத்தில் அறையும். ஆண்பிள்ளைக்குப் பூத்துணியா என்று தாடைக்காரர் வெட்கப்பட வேண்டாம், அவருக்கு அது நன்றாகவே இருக்கும்.

தகரம்

*

ஏப்ரல் 30

அன்புள்ள தகரத்துக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ சுகமாக இரு.

உன் பதிலுக்காகப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. தாடைக்காரர் இரண்டு நாளாகச் சாப்பிட மறுத்தார். இனித் தாமதிக்க முடியாது என்று கிரில்காரரை வரச்சொல்லிவிட்டேன். அறுத்துக் கூரையைத் தூக்கி வைத்தோம். தூக்கியபோது பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு முனகுவது போல ஒரு சத்தம். கார் நடுவில் தொங்கிவிட்டது தகரம். இரண்டு கதவும் மூடியபடியே இறுகிக்கொண்டன. கிரில்காரர் கடப்பாரை வைத்து நெம்பியும் அசையவில்லை.

ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாயும் என்று தினமும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவன் நான். அது எனக்கு ஷெட்டில் ஞாபகம் வரவில்லை.

தாடைக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உள்ள தள்ளிட்டுப் போ, வெயிலா இருக்கு" என்றார், அவ்வளவுதான். அவருடைய ஒரே ஆசையை நான் என் கையாலேயே கெடுத்துவிட்டேன். ஏதாவது வழி இருந்தால் எழுது, இல்லையென்றாலும் எழுது.

அண்ணன்

*

மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. தாமதம் என்னுடையது, நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே. நான் நன்றாக இருக்கிறேன்.

கதவு எதற்கு அண்ணா?

யோசித்துப் பார். தாடைக்காரர் கதவு வழியாகப் போகப்போவதில்லை. மேலிருந்துதானே இறங்குகிறார்? கதவே இல்லாத பந்தயக் கார்கள் உண்டு. ஓட்டுகிறவர் பக்கச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே குதிப்பார். இங்கே ஒன்று நிற்கிறது, உன் கடிதத்தைப் படித்ததும் ஓடிப்போய் அதைத்தான் பார்த்தேன். பக்கச் சுவர் முன்னிருந்து பின்வரை ஒரே தகடு, நடுவில் ஒரு கோடு கிடையாது. தட்டினால் மணி மாதிரி கேட்டது. கதவு இல்லாததால்தான் அதற்கு அந்தப் பலம். இத்தனை மாதமாக அதன் பக்கத்தில் நின்று சாப்பிட்டிருக்கிறேன், இப்போதுதான் அது எனக்குப் புரிந்தது.

ஆகவே, நடுவயிற்றில் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், அவசரம் வேண்டாம். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக வரும்போது நிறுத்துங்கள். அந்த அளவை நீ பார், கிரில்காரரை விடாதே. பல் வரிசை பார்க்கிற கண் உன்னுடையது. அப்படியே வைத்துக் கதவுகளை உடம்போடு சேர்த்து வெல்டிங் செய்துவிடுங்கள். கதவுக்கு அடியில் நீளமாக ஓடுகிற தகட்டுப் பெட்டிக்கு உள்ளே கனத்த இரும்பு வையுங்கள். கூரை செய்த வேலையைப் பக்கங்கள் செய்யும். ஷெட் உத்தரத்தில், சங்கிலி இழுத்துத் தூக்குகிற செயின் பிளாக் மாட்டினால் தொட்டிலை நேராக இறக்கலாம். ஆளை இறக்குவதற்கு முன்னால் ஒரு சிமெண்ட் மூட்டையை இறக்கிப் பாருங்கள்.

தாடைக்காரரிடம் ஒன்று கேட்டுச் சொல். நான் வரட்டுமா என்று கேள். நாளைக்கே கிளம்பிவிடுவேன். அவர் வேண்டாம் என்றால் வரமாட்டேன். அவர் வாயால் என்ன சொன்னாரோ அதை மாற்றாமல் எழுது.

தகரம்

*

ஜூன் 8

அன்புள்ள தகரத்துக்கு,

எல்லாரும் சுகம். இந்த முறை உண்மையிலேயே கொஞ்சம் சுகம்.

நீ கேட்டதைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு எடுத்த வேலைய முடிச்சிட்டு வரட்டும். அதுவரைக்கும் நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்னு எழுது. ஓட முடியாதுன்னும் எழுது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். விழுந்தது நீ கிளம்பிய பிறகுதான்.

ஜாக்கி வைத்து ஏற்றினோம். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அந்த இடைவெளி மெல்ல மெல்லத் திறந்து வந்தது தகரம். இரும்பு தன் இடம் தேடித் திரும்பிப் போகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கிரில்காரரும் முழங்காலில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இடைவெளி சரியான அளவுக்கு வந்ததும் "நிறுத்துங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

கதவுகளை ஒட்டியாயிற்று. சிமெண்ட் மூட்டை ஒரு சேதமும் இல்லாமல் சீட்டில் உட்கார்ந்தது. பட்டுத்துணியும் வந்தது. உடனே கட்டிக்கொண்டார், இன்னும் அவிழ்க்கவில்லை, தூங்கும்போதும் தலையில்தான் இருக்கிறது. சாப்பாடும் பழையபடி.

கார் ஓட்டப்போவது நான். வேறு யார் ஓட்டினாலும் ஏறமாட்டாராம். தினமும் பக்கச் சுவரைத் தாண்டிக் குதித்து, ஒருமுறை பேண்ட் கிழிந்து, ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே பழகுகிறேன். அவர் நாற்காலியில் இருந்தபடியே கத்துகிறார். "கிளட்ச மெதுவா விடுடா! அது என்ன உன் எதிரியா?" கிரில்காரருக்கு ஒரே சிரிப்பு.

அன்பு அண்ணன்

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியம். கண்ணில் தூசி விழுந்தது என்று ஃபோர்மனிடம் சொல்லிவிட்டு உன் கடிதத்தைப் பட்டறைக்குப் பின்னால் போய்ப் படித்தேன். எல்லாரும் அவரவர் தூசியைப் பற்றிச் சொல்லி ஆறுதல் சொன்னார்கள்.

ஒரே ஒரு விஷயம். அறுத்த கூரையைக் கிரில்காரர் எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார். அதை ஷெட்டிலேயே வைத்திருங்கள், நிமிர்த்தி, துணி சுற்றி. தரையில் போடாதீர்கள், தகடு நெளிந்துவிடும்.

முதல் நாள் மெதுவாகப் போ. காற்று எதிர்த்து அடித்தால் திரும்பிவிடு. போய்வந்ததும் எழுது.

தகரம்

*

ஜூலை 21

அன்புள்ள தகரத்துக்கு,

எல்லாரும் சுகம். போய்வந்தோம்.

செயின் பிளாக்கைக் கிரில்காரர் இழுத்தார், அண்ணி தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். தாடைக்காரர் மேலே எழும்பிக் காருக்கு நேராக வந்து மெதுவாக இறங்கினார். சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் கரண்டிக் காம்பைத் தொட்டுப் பார்த்தார். நான் வண்டியை எடுத்தேன். பெரிய சாலைவரை போய், பாலத்துக்கு அடியில் புகுந்து, ஏரிக்கரையைச் சுற்றித் திரும்பினோம். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவரிடம் கார் கற்றுக்கொண்ட ஒரு லாரிக்காரர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கை தூக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். என்ன ஆச்சரியம், பக்கத்திலிருந்து ஒரு திட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் சாலையையே பார்க்கவில்லை.

மீதியை அவரே சொல்கிறாராம். இனி வருவது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு.

என்னடி தகரம், நல்லா இருக்கியா? நேரத்துக்குச் சாப்பிடுறியா?

இத்தனை வருஷமா வண்டி ஓட்டினேன், ஊருக்கே சொல்லிக்கொடுத்தேன். ரோட்டப் பாரு, கண்ணாடியப் பாரு, இதுதான் என் பாட்டு. மேல பாருன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, நானும் பாத்ததில்ல. இப்ப முதுகு பூரா கம்பி, கொஞ்சம் சாஞ்சு உக்காந்தா மேலதான் பாக்க முடியுது. மேல எவ்ளோ இருக்குடி! ரெண்டு பக்கத்து மரமும் ரோட்டுக்கு நடுவுல வந்து கை கோத்துக்கிட்டு நிக்குது. நான் தினம் போன ரோடு அது. பாலத்துக்கு அடியில ஒரே புறா. ஏரிக்கிட்ட வந்ததும் மரம், கம்பி எதுவுமே இல்ல, வெறும் வானம். எனக்கு மூச்சே நின்னுபோச்சு. அழுதேன்னு இவன் எழுதப் பாக்குறான், அது காத்து. உங்கண்ணன் இன்னும் மோசமாத்தான் ஓட்டுறான். அதுவும் நல்லதாப் போச்சு, அந்த வேகத்துல எல்லாத்தையும் பாத்தேன்.

கூரைய அறுத்ததுக்கு நீ எவ்ளோ தவிச்சிருப்பன்னு தெரியும். துணி சுத்திப் பத்திரமா வச்சிருக்கு. நீ வேலைய முடிச்சிட்டு வந்து, அத நல்லாச் செஞ்சு மாட்டு. ஆனா கழட்டுற மாதிரி மாட்டு. ரெண்டு பேரு தூக்கிச் செவுத்துல சாய்க்கலாம்னு எழுதினியே, அந்த மாதிரி.

இன்னொண்ணு. விழுந்தத உன்கிட்டச் சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவ, அதனால சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்தான். ஆனா உனக்குத் தெரியாமலே இருக்கிறதையும் என்னால தாங்க முடியல. அதான் அடையாளம் சொல்லும்போது அந்தக் கரண்டிக் காம்பையும் சேத்துச் சொன்னேன். இந்த மடையன் அது என்னன்னே யோசிக்காம எழுதிட்டான். இப்ப எழுதிக்கிட்டே என் மூஞ்சியப் பாக்குறான்.

இப்படிக்கு,
தாடைக்காரர்